என் தங்கச்சியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்

முன்நெற்றியில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால், எங்கள் ஊரில் அதற்கு என் தங்கச்சி என்று அர்த்தம். அவளுக்கு நெற்றிமுடியில் ஒரு சுழி உண்டு. எண்ணெயை வழிய வழியத் தேய்த்து இழுத்து வாரினாலும் அந்த இடத்து முடி மட்டும் சொன்ன பேச்சுக் கேளாமல் சுருட்டிக்கொண்டு நிற்கும். கிணற்றடியில் ஒருத்தி என்னைப் பார்த்து நெற்றியில் விரலைச் சுற்றிக் கையை விரித்தாள் என்றால், தங்கச்சி எங்கே என்று கேட்கிறாள். நான் பருத்திக்காட்டுப் பக்கம் தாடையை ஆட்டினால், அங்கே களை வெட்டுகிறாள் என்று புரிந்துகொள்வாள். கேட்டவளுக்கும் காது உண்டு, எனக்கும் உண்டு. இரண்டு பேர் வாயும் ஊர் கொள்ளாத வாய். ஆனாலும் தங்கச்சி பேச்சு வந்தால் கை தன்னால் நெற்றிக்குப் போய்விடும். அவளோடு பழகிப் பழகி ஊருக்கே அது ஒட்டிக்கொண்டது, மழை பெய்த கரிசலில் நடந்தால் காலில் மண் அப்பிக்கொள்கிற மாதிரி.

வாயால் சொல்லும்போது அவளுக்கு ஊமச்சி என்று பேர். இந்தச் சொல்லை என் சொல்லாக நான் எழுதுவது இதுவே முதலும் கடைசியும், இனி வந்தால் அடுத்தவர் வாயில்தான் வரும். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த காலேஜ் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: “முந்தி எல்லாரும் சொன்ன சொல்லுதான ஆச்சி? உங்க அம்மாவே சொல்லியிருப்பாங்க. இப்ப மட்டும் ஏன் உங்களுக்குக் கோவம் வருது?” நல்ல பிள்ளைதான், வம்புக்குக் கேட்கவில்லை. ஆனால் அதற்கான பதிலை வாசல்படியில் நின்று ஒரு வாயில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என் எழுத்து பஸ் போர்டைப் பார்த்து வந்த எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விசயத்தைத் திருத்த வேண்டாம். தங்கச்சிக்கு அய்யா வைத்த பேர் ஒன்று உண்டு. அதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். ஈ ஓட்டுகிற மாதிரிக் கையை வீசிவிட்டாள். அதனால் எழுதவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் உட்காரப் பழகின பிறகுதான் அம்மா அதைக் கண்டாள். அடுப்படியில் செம்புப் பானை உருண்டு விழுந்த சத்தத்தில் நான் அலறினேன், தங்கச்சி விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் காதில் எதையெல்லாமோ காய்ச்சி ஊற்றினார்கள், எந்தெந்தக் கோயிலுக்கோ தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அவள் வலியில் துடிக்கிறதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அம்மா எல்லாவற்றையும் நிறுத்தினாள். “பிள்ளை நல்லாத்தான் இருக்கா. நாமதான் அவளைப் போட்டுப் படுத்துதோம்” என்றாள். எங்கள் அம்மா சொன்னதிலேயே புத்தியான பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேர் வைக்கிற வேலையை ஊர் மட்டும் செய்யவில்லை. தங்கச்சியும் ஊருக்குப் பேர் வைத்தாள், எல்லாம் கையால். என் மோவாயில் சின்ன வயதில் கீழே விழுந்து கிழிந்த வடு ஒன்று இருக்கிறது. மோவாயை விரலால் ஒரு கீறுக் கீறினால் நான். புதூர்க் கடைக்கார பாய் சாமான் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி நறுக்கிக் கொடுப்பார், அதனால் வாயில் எதையோ போட்டுச் சப்பினால் பாய். எங்கள் பெரிய மாமா யாருக்கும் எதுவும் கொடுத்தது கிடையாது. அவருக்கு இறுக்க மூடின கை. மாமாவுக்கே அது தெரியும். தெரிந்த பிறகும் திறந்தபாடில்லை.

அன்றைக்கு எல்லாம் பிரமாதமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. விசேச வீடுகளில் அவளைச் சமையல்கட்டிலேயே உட்காரவைத்தார்கள். அதெல்லாம் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லில் மட்டும் விசம் இல்லை. எங்கள் பக்கத்தில் மேகத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு ஆளைப் புழுக்குகிற வெயிலுக்கு ஊமை வெயில் என்பார்கள். தோலில் தெரியாமல் உள்ளே கன்றிப்போகிற அடிக்கு ஊமைக்காயம். வெளியே காட்டாமல் உள்ளே ஒன்று இருக்கிறது, அதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஐப்பசியில் மழை தவறினால் பெண்கள் எல்லாரும் புதுப்பானையோடு காட்டம்மன் கோயிலுக்குப் போய் ஊமைப்பொங்கல் வைப்போம். அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து பால் பொங்குகிறவரை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் மழை வராது. அந்த நேரம் மட்டும் ஊருக்கே மூத்தவள் என் தங்கச்சிதான். அகப்பை வேண்டும் என்று ஒருத்தி கையை ஆட்ட, வேறொருத்தி ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டு, இப்படி ஆட்டணும் என்று அவர்களுக்குக் கை பழக்குவாள். சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கிடப்போம்.

சொல் மாறியது கோவில்பட்டி ரோட்டில் நாங்கள் வேலைக்குப் போன தீப்பெட்டி ஆபீஸில்தான். எனக்குத் தெரிந்து அங்கேதான். வேறு ஊர்களில் வேறு மாதிரி மாறியிருக்கும்.

காட்டில் விளையாத வருசங்களில் ஊர்ப்பெண்கள் எல்லாரும் கம்பெனி வேன் ஏறி அங்கே போவோம். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தை அப்படியே மருந்தில் முக்கி எடுப்பார்கள். சில குச்சிகளில் மருந்து ஒட்டாமல் தலை மொட்டையாக வந்துவிடும், உரசினால் பற்றாது. அதற்கு அங்கே ஊமைக்குச்சி என்று பேர். எங்கள் கூடத்துப் போர்மேன், “ஊமையெல்லாம் பொறுக்கி வெளிய தள்ளுங்க” என்று சத்தம் போடுவார். போட்டுவிட்டு என் தங்கச்சியை ஒரு பார்வை பார்ப்பார். பெண்கள் சிரிப்பார்கள். முதலில் மெதுவாகத்தான் சிரித்தார்கள், சிரித்துவிட்டு என்னை வேறு பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் ஓடாத ஃபேனும் ஊமை, அடிக்காத மணியும் ஊமை, சுறுசுறுப்பில்லாத புதுப்பெண்ணும் ஊமை என்று ஆயிற்று. அந்தக் கூடத்தில் எதெல்லாம் உதவாதோ அதற்கெல்லாம் அந்தப் பேர்தான். எங்கள் ஊரில் உள்ளே ஒன்று இருக்கிறது என்று பொருள் தந்த சொல், வேனில் ஏறிக் கோவில்பட்டி ரோட்டுக்கு வந்ததும் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

அவளுக்குத்தான் கேட்காதே, அவளுக்கு என்ன என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லுகிறபோது உதடு குவிந்து முன்னால் வரும், நீங்களும் சொல்லிப் பாருங்கள். அந்தக் குவியலை அவள் படித்துவிட்டாள். ஒரு மதியம் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்கப் போகும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதட்டைக் குவித்துக் காட்டினாள். போர்மேன் உட்கார்ந்திருந்த பக்கம் காட்டினாள். பெண்கள் சிரிக்கிறதை அப்படியே செய்து காட்டினாள். கடைசியாகத் தன் நெஞ்சைத் தொட்டு, என்ன என்று கையை விரித்தாள்.

நான் மறைக்கவில்லை. ஒரு மொட்டைக்குச்சியைத் தரையிலிருந்து எடுத்தேன். உரசிக் காட்டினேன், பற்றவில்லை என்று கையை விரித்தேன், தூர எறிந்தேன். பிறகு அவள் நெற்றிச்சுழியைத் தொட்டேன். அவள் கொஞ்ச நேரம் அந்தக் குச்சி விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கம்மஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் போர்மேன் எங்கள் வரிசைக்கு வந்தபோது, அவள் எழுந்து நின்று ஒரு மொட்டைக்குச்சியை எடுத்து, மரியாதையாக, பேனா செருகுகிற மாதிரி அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு உட்கார்ந்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கைப்பேர் அதுதான். இரண்டு விரலால் குச்சியைப் பிடித்து, சட்டைப்பையில் வைக்கிற மாதிரி ஒரு தட்டு. அவர் தூரத்தில் வரும்போதே எங்கள் வரிசை முழுக்க நெஞ்சைத் தட்டிக்கொண்டு குனிந்து சிரிக்கும். “என்னட்டி, எல்லாருக்கும் நெஞ்செரிச்சலா?” என்று கேட்பார். வேலையை விட்டுப் போகிறவரை அவருக்கு அது தெரியாது. சிரித்தவர்களில் முந்தி அவளைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அதை அவளும் கவனித்தாள், நானும் கவனித்தேன்.

ஆனால் ஒரு போர்மேன் சட்டைப்பையில் குச்சியைச் செருகிவிட்டால் சொல் திரும்பி வந்துவிடுமா? வராது. அதே காலத்தில் ஊரில் கையும் கெட்டது. வெளியூர் வேலைக்குப் போய்வந்த இளவட்டங்கள் அவளைக் குறிக்க நெற்றியில் விரல் சுற்றுவதை விட்டுவிட்டார்கள். காதை ஒரு தட்டுத் தட்டி, வாய்க்கு முன்னால் விரல்களை உதறி, நாக்கைத் துருத்துவார்கள். எங்கே பார்த்துப் பழகினார்களோ. வாய்ச்சொல் கெட்டது அவளுக்குத் தெரியாது என்று நினைத்த ஊர், கைச்சொல் கெட்டதை அவள் கண்ணுக்கு முன்னாலேயே ஆட்டிக் காட்டியது. முதல்தடவை அதைப் பார்த்த அன்று அவள் கண்ணாடி முன்னால் நின்று நெற்றிமுடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுழி போய்விட்டதோ என்று பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. உள்ளூரிலேயே ஆடு வைத்திருக்கிறவர். பேசுகிறதென்றால் ஆடுகளிடம்தான் பேசுவார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இந்த வீட்டில் வாய் பேசாத ஆள் ஒருத்தர் இருக்காராமே என்று கேட்டுவிட்டு நேராக அவரைத்தான் பார்ப்பார்கள். தங்கச்சி கை ஓயாது, அவர் வாய் திறவாது. நல்ல சோடி. ஒரு மகன் பிறந்தான். அவன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரிந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு பயல்கள் மண்ணில் உருண்டு சண்டை போடுகிறார்கள். “நீ ஊமச்சி மவன்!” “நீதாம்ல ஊமச்சி மவன்!” இரண்டு பேருடைய அம்மாக்களும் தெருமுனையில் பேசினால் கம்மாய்க்கரை வரை கேட்கும். என் தங்கச்சி மகன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சொல் அவளை விட்டே கழன்று போய்விட்டது. எவனை அடிக்க வேண்டுமானாலும் எவனும் குனிந்து எடுக்கிற கல்லாகிவிட்டது. எறிகிறது யார்மேல் என்றாலும் கல் எடுத்த இடம் எங்கள் வீட்டு வாசல்தான்.

செவிடு என்கிற சொல்லுக்கும் இதே கதிதான். கூப்பிட்டால் திரும்பாத மாட்டுக்கும் அந்தப் பேர், சொன்ன வேலையைச் செய்யாத மருமகளுக்கும் அந்தப் பேர். இரண்டுக்கும் காது நன்றாகக் கேட்கும். கேட்டும் கேளாதவர்களைத் திட்ட, கேட்கவே முடியாதவர்களின் பேரை எடுத்துக்கொண்டார்கள்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்த பஸ்ஸில் சன்னலுக்கு மேலே ஊனமுற்றோர் என்று எழுதியிருக்கும். பிற்பாடு அதன் மேல் பெயிண்ட் அடித்து மாற்றுத்திறனாளிகள் என்று எழுதினார்கள். அடித்தவர் பெயிண்டை மிச்சம் பிடித்திருக்கிறார், வெயில் பட்டால் பழைய எழுத்து கீழே இருந்து எட்டிப் பார்க்கும். புதுச்சொல் நீளமாக இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து, இவர்களை இனி எப்படி மரியாதையாகச் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறார் இல்லையா, அந்த யோசனைக்காகவே பிடித்திருந்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் எட்டயபுரம் பஸ்ஸில் ஒரு பயல் தன் கூட்டாளியைப் பார்த்து, “ஏலே மாத்து, தள்ளி உக்காருலே” என்கிறான், அந்த நீளச் சொல்லை அதற்குள் முறித்துவிட்டான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

“ஏ ஆச்சி! எதுக்கு அடிக்கிய?”

“அந்தச் சொல்லு இப்பதாம்ல புதுசா வந்திருக்கு. அதையும் அதுக்குள்ள அழுக்காக்கிருதியே.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் என்னை இறங்கச் சொல்லுவார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

இனி நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தங்கச்சி மகன் வளர்ந்து கோவில்பட்டியில் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். கடம்பூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பெண்ணுக்கும் இவனைப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஆட்களில் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மாதான் சபை நடுவில் வெற்றிலைத் தட்டோடு நிற்க வேண்டும். “பாக்கு உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு” என்று மூன்று தரம் கேட்க வேண்டும். பெண்ணின் அம்மா தட்டை வாங்கினால் நிச்சயம். அப்பன்மாரும் மாமன்மாரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளையைப் பெற்ற ஒருத்திக்கு வாழ்நாளில் சபை எழுந்து வழிவிடுகிற நேரம் அது ஒன்றுதான். தங்கச்சிக்கு அது நன்றாகத் தெரியும். அதற்காக ஒரு பச்சைப் பட்டு எடுத்து, ஒரு வாரமாக மடித்து மடித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் போளி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன்தான் அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். நல்ல மனுசன், வாய் கொஞ்சம் நீளம். என்னைச் சுவரோரமாகக் கூப்பிட்டார்.

“மதினி, ஒரு சின்ன யோசனை. தட்டை நீங்க பிடிச்சுருங்க. பெரியம்மான்னாலும் அம்மாதான.”

“ஏன் அண்ணாச்சி? பெத்தவ அந்தா நிக்காளே, குத்துக்கல்லு மாதிரி.”

“அது சரி. ஊமச்சி எப்படி மூணு தரம் கேக்கும்? சபையில நாலு பேரு சிரிச்சாம்னா நமக்குத்தான கேவலம்.”

“அந்தச் சொல்லு வேண்டாம் அண்ணாச்சி.”

“எந்தச் சொல்லு?” என்றார். நடிக்கவில்லை, நிசமாகவே அவருக்குத் தெரியவில்லை. சொன்னதும் சிரித்துவிட்டார். “அட என்ன மதினி! எங்க ஊர்ல ஒரு ஊமையன் இருந்தாரு. எங்க அய்யாவுக்கு உயிர்க்கூட்டாளி. ஊர் பூரா அப்படித்தான் கூப்பிடும். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. இப்பந்தான் டிவியில பாத்துட்டு ஆளாளுக்கு மூக்கைச் சிந்துதிய.”

சுவரோரம் பருத்திக்கு மருந்து கலக்குகிற வாளி கவிழ்த்து வைத்திருந்தது. என் கண் அதன் மேல் போயிற்று.

“அந்தா இருக்கே வாளி, அதை எதுக்கு வாங்குனீங்க?”

“தண்ணி இறைக்கத்தான். ஏன்?”

“அதுல ஒரு செம்பு தண்ணி மோந்து என் தங்கச்சிக்குக் குடுங்களேன். தாகமா இருப்பா.”

“மருந்து வாளி மதினி அது!”

“கழுவிருங்க.”

“என்ன கழுவுனாலும் குடிக்கதுக்கு ஆகுமா?”

“ஆகாதுல்லா. வாளி மேல என்ன குத்தம்? ஒரு குத்தமும் இல்ல. உங்க அய்யா காலத்துல எல்லாரும் நல்ல தண்ணி குடிச்ச வாளிதான். ஊடால எவனோ அதுல மருந்தைக் கலக்கிட்டான். நீங்க கலக்கல, நான் கலக்கல. அதுக்காக இன்னைக்கு அதுல மோந்து என் தங்கச்சி வாயில ஊத்த விடமாட்டேன்.”

அவர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பேச்சு நல்லாத்தான் பேசுதிய” என்றார். “தட்டு யாரு பிடிக்கது, அதைச் சொல்லுங்க. நல்ல நேரம் போயிட்டிருக்கு. சபைக்குன்னு ஒரு முறை இருக்கு. வாய்ச்சொல்லு இல்லாம நாங்க பொண்ணைத் தர முடியாது.” சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். என் வாயடி அவரை ஒன்றும் சாய்த்துவிடவில்லை. பந்தலுக்குள் கசமுசா கிளம்பிற்று. பெண் உள்ளே கதவோரம் நின்று தாவணி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைப் பயல் வேகமாக வந்தான். வேர்த்து ஊற்றுகிறது. “பெரிம்மா, ஒரு நிமிசந்தான. நீங்களே பிடிச்சுருங்க. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

“என்னலே சொல்லுவ?”

“அவிய முறை அப்படின்னு...”

“எந்தக் கையால சொல்லுவ? அவ சோறு ஊட்டும்போது பேசிப் பழகுனியே, அந்தக் கையாலயா?”

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிடித்த பெண் கைநழுவிப் போகிற பயம் அவனுக்கு. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான் தட்டைப் பிடித்தால் கல்யாணம் நடக்கும். பிடிக்காவிட்டால் போளியைத் தின்றுவிட்டு ஊர்போக வேண்டியதுதான். ஆனால் நான் பிடித்தால், என் தங்கச்சி தான் பெற்ற பிள்ளையின் சபையில் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் அந்த வீட்டில் பேரப்பிள்ளை வரைக்கும் அவளுக்கு அந்த இடந்தான். வேனிலிருந்து தட்டை இறக்கினவள் நான், அது இன்னும் என் கையில்தான் இருந்தது.

தங்கச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன்காரர் உதடு குவிந்ததையும் பார்த்திருப்பாள், அதை எங்கே இருந்தாலும் அவள் கண் பிடித்துவிடும். நேராக என்னிடம் வந்து தட்டுக்குக் கையை நீட்டினாள். நான் ஒரு கணம் தயங்கினேன். அப்போது ஜமுக்காளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர்.

“குடுங்க மதினி. அவ கேப்பா.”

அந்த மனுசன் ஒரு சபையில் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். கொடுத்துவிட்டேன்.

அவள் நடுப்பந்தலில் போய் நின்றாள். தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கொட்டைப்பாக்கை இரண்டு விரலால் எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அவர்கள் பக்கம் நீட்டினாள். முந்தானை நுனியைப் பல்லால் லேசாகக் கடித்துக் காட்டினாள், பெண்ணுக்கு அவள் அதற்குள் வைத்திருந்த பேர் அது. பிறகு திறந்த உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். பாக்கு உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு. பின்வரிசையில் எவனோ ‘களுக்’ என்றான். அவள் இரண்டாம் தரம் கேட்டாள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டன. மூன்றாம் தரம் சபைக்குக் காட்டவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு நேரே போய், முகத்துக்கு முகம் நின்று, மெதுவாகக் கேட்டாள்.

பெண்ணின் அம்மா அதிகம் பேசாத பொம்பளை. ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள்.

“வாய்ச்சொல்லு இல்லியே தாயி” என்றார் மாமன்காரர்.

“எனக்குக் கேட்டுட்டு அண்ணே” என்றாள் அவள். “உங்களுக்குக் கேக்கலையா?”

பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆண்கள் பக்கமும் பரவிற்று. மாமன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு அவர் பந்தியில் உட்காரவில்லை. கல்யாணத்திலும் என்னோடு பேசவில்லை. மண்டபத்தில் மைக் பிடித்த பயல், மாப்பிள்ளைக்குக் கூட்டாளி, நல்லெண்ணத்தில், “இப்போது மாப்பிள்ளையின் மாற்றுத்திறனாளித் தாய் மேடைக்கு வருகிறார்கள்” என்றான். அவனை ஓரமாகக் கூப்பிட்டேன். “அவங்க அப்பாவை என்னன்னு சொன்ன?” “மாப்பிள்ளையின் தந்தைன்னு சொன்னேன் ஆச்சி.” “அப்ப இவ மாப்பிள்ளையின் தாய். போய்ச் சொல்லு.” போய்ச் சொன்னான். காது கேட்காது என்பதைச் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி, பஸ், ஆபீஸ் என்று எத்தனையோ உண்டு. அங்கே காது கேளாதவர் என்று சொன்னால் போதும், அவளுக்கும் அது சம்மதம். கல்யாண மேடை அப்படிப்பட்ட இடம் இல்லை.

இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள். நிச்சயத்தில் வாய்ச்சொல் கேட்ட அந்த மாமன்காரருக்குக் குழந்தையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வாரந்தோறும் வருகிறார். தங்கச்சி முற்றத்தில் மிளகாய் வற்றலைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள், மடியில் பேத்தி தூங்கும். பிள்ளையை வாங்க வேண்டும் என்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றால் முன்னால் போய் நிற்க வேண்டும். பழைய சொல்லைச் சொல்ல அவருக்கு இப்போது நாக்கு வருவதில்லை, புதுச்சொல் எதுவும் பழகவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் நிழல் வற்றல் மேல் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். இன்னும் நாலு வற்றலுக்குக் காம்பு கிள்ளிவிட்டுத்தான் நிமிர்வாள். அதுவரை நிற்கிறார்.